அயர்லாந்துக் கிராமப்புறத்தில் ஒருநாள் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டப்ளினிலிருந்து மேற்குக் கரையிலுள்ள கால்வேக்கு நெடுஞ்சாலையில் இரண்டரை மணி நேரம்தான். அந்த நினைப்பில் ஒரே நாளில் நான்கு மாவட்டங்களைத் திட்டத்தில் அடைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் கார்க் கண்ணாடி வழியாகவே பார்த்துத் திரும்புகிறவர்கள் நிறைய பேர். இந்தப் பதில்கள் அப்படி ஒரு நாள் வீணாகக் கூடாது என்பதற்காக எழுதப்பட்டவை. ஒரு நாளுக்கு ஒரு வட்டாரம் போதும்.

ஒரே நாளில் எத்தனை கிலோமீட்டர் போய்வரலாம்?

கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், சாலைப் பெயரின் முதல் எழுத்தைப் பாருங்கள். எம் என்று தொடங்கினால் மோட்டார்வே. வேக வரம்பு 120 கி.மீ.; போட்ட கணக்குப்படி போய்ச் சேரலாம். என் என்றால் தேசியச் சாலை. வரம்பு பொதுவாக 100, ஊருக்குள் 50. நடுவில் ஒரு டிராக்டர் ஏறிவிட்டால் அது திரும்பும் வரை அதன் பின்னால்தான் போக வேண்டும். ஆர் என்பவை வட்டாரச் சாலைகள். பலகையில் 80 என்றிருக்கும். மலைப்பகுதியில் சராசரியாக 45 கிடைத்தால் பெரிது. எல் என்பவை கிராமச் சாலைகள். இவற்றுக்கு 80ஆக இருந்த பொது வரம்பை 2025 பிப்ரவரி 7 முதல் 60ஆகக் குறைத்துவிட்டார்கள். பல எல் சாலைகள் நடுவில் புல் முளைத்த ஒற்றைத் தடங்கள். அங்கே 30இல் போவதே அதிகம்.

வண்டி ஓடும் நேரம் மட்டும் நாலரை மணியைத் தாண்டினால் திட்டத்திலிருந்து ஓர் இடத்தை எடுத்துவிடுங்கள். மேப் காட்டும் நேரத்தில் ஆர், எல் சாலைகளுக்கான பகுதியோடு கால் பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள். இன்னொன்று: இரண்டு நிமிடம் மிச்சம் என்பதற்காக மேப் உங்களை ஒரு எல் சாலைக்குள் திருப்பிவிடும். எதிரே பால் லாரி வந்தால் 200 மீட்டர் பின்னோக்கி ஓட்டும்போதுதான் அந்த மிச்சத்தின் விலை தெரியும். கிளம்புவதற்கு முன்பே வழியைப் பெரிதாக்கிப் பார்த்து, ஆர் சாலைக்கு இழுத்து வைத்துவிடுங்கள்.

டப்ளினில் இருக்கிறோம், ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எங்கே போவது?

விக்லோ மலைகளுக்கு. தயங்காமல் சொல்லலாம். நகரத்தை விட்டு முக்கால் மணி நேரத்தில் ஆளரவமற்ற சதுப்பு மேட்டு நிலம் வந்துவிடும். நாளின் பெரும்பகுதி சாலையில் கரையாது.

வழி இது. தெற்கே என்னிஸ்கெரி கிராமம், அங்கிருந்து க்ளென்க்ரீ, பிறகு ஆர் 115இல் ஏறி சாலி கேப் நாற்சந்தி. இந்தச் சாலைக்கு மிலிட்டரி ரோடு என்று பெயர். 1798 கிளர்ச்சிக்குப் பிறகு மலைக்குள் பதுங்கியிருந்தவர்களைப் பிடிக்கப் படைகளை அனுப்புவதற்காக ஆங்கிலேய அரசு 1800இல் தொடங்கி 1809இல் முடித்த சாலை. அதனால்தான் வழியில் ஊர்களே இல்லாமல் மலையின் நடு முதுகில் ஓடுகிறது.

சாலி கேப்பில் இடப்பக்கம் ஆர் 759இல் சில கிலோமீட்டர் இறங்கினால் கீழே லாக் டே ஏரி தெரியும். சதுப்பிலிருந்து வடியும் நீரால் கறுத்த ஏரி, ஒரு முனையில் வெள்ளை மணல். மேலிருந்து பார்க்க நுரை தளும்பும் கறுப்பு பியர்க் கோப்பை போல இருப்பதால் கின்னஸ் ஏரி என்றே அழைக்கிறார்கள். கின்னஸ் குடும்பத்தின் எஸ்டேட்டாக இருந்ததும் ஒரு காரணம். கரை தனியார் நிலம், சாலையிலிருந்துதான் பார்க்க முடியும். சாலையோரத்தில் வண்டியை நீட்டி நிறுத்தி வழியை அடைத்துவிடாதீர்கள். மீட்பு வண்டி போகும் வழியும் அதுதான்.

பார்த்துவிட்டு சாலி கேப்புக்கே திரும்பி, ஆர் 115இல் தெற்கே இறங்குங்கள். க்ளென்மக்னாஸ் அருவியைத் தாண்டி லாரா கிராமம், அங்கிருந்து மூன்று கிலோமீட்டரில் கிளெண்டலாக். திரும்பும்போது ரவுண்ட்வுட் வழியாக ஆர் 755இல் வந்தால் வேகமாக டப்ளின் சேரலாம். மொத்தம் 120 கி.மீ. போல வரும்.

இந்த வரிசையில் பெரும்பாலோர் சறுக்குவது ஒரே இடத்தில்தான். அழகான சாலையை முதலில் ரசித்துவிட்டு நண்பகலில் கிளெண்டலாக் வந்தால், வார இறுதியில் வண்டி நிறுத்த இடமிருக்காது. சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் பயணத்தைத் தலைகீழாக்குங்கள். நேராக ஆர் 755 வழியாக ஒன்பது மணிக்குள் கிளெண்டலாக், நடை முடிந்த பிறகு மாலை வெயிலில் மிலிட்டரி ரோடு. மலைச்சரிவுக்கும் மாலை ஒளிதான் நல்லது.

குளிர்காலத்தில் சாலி கேப் சாலையில் பனி உறைந்தால் உப்புத் தூவ யாரும் வருவார்கள் என்று நம்பிப் போகாதீர்கள். அன்று கீழ்வழியே போங்கள்.

கிளெண்டலாக்கில் எவ்வளவு நேரம் வேண்டும்? எந்த நடைபாதை நல்லது?

ஐரிஷ் மொழியில் கிளெண்டலாக் என்றால் இரு ஏரிகளின் பள்ளத்தாக்கு. ஆறாம் நூற்றாண்டில் புனித கெவின் தொடங்கிய மடத்தின் இடிபாடுகள் கீழ் ஏரிக்கு அருகே இருக்கின்றன. 30 மீட்டர் உயர வட்டக் கோபுரத்தைச் சுற்றிவரும்போது அதன் வாசலைக் கவனியுங்கள், தரையிலிருந்து மூன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும். கல்லறைத் தோட்டம் உள்பட இந்தப் பகுதிக்கு ஒரு மணி நேரம் போதும்.

பிறகு கால் எவ்வளவு ஒத்துழைக்கும் என்பதைப் பொறுத்தது. முதியவர்களோடும் குழந்தை வண்டியோடும் வந்தவர்களுக்கு மைனர்ஸ் ரோடு: மேல் ஏரியின் வடகரையோரம் சமதளம், போய்வர 5 கி.மீ., ஒன்றேகால் மணி நேரம். ஏறத் தெம்புள்ளவர்கள் ஸ்பிங்க் மலைவிளிம்பில் வெள்ளை அம்புக்குறியைப் பின்பற்ற வேண்டும். 9 கி.மீ., 380 மீட்டர் ஏற்றம், மூன்றரை மணி நேரம். பூலனாஸ் அருவிப் பக்கமாகவே ஏறுங்கள். ரயில் தண்டவாளக் கட்டைகளால் செய்த அறுநூறுக்கு மேற்பட்ட படிகளை ஆரம்பத்திலேயே ஏறி முடித்துவிடலாம். ஏரி முழுவதும் காலடியில் விரியும். பிறகு பழைய சுரங்கக் கிராமத்தின் வழியாக மெல்ல இறங்கலாம். எதிர்த்திசையில் வந்தால் களைத்த காலோடு ஈரப் படிகளில் இறங்க வேண்டிவரும். முழங்கால் வலியும் வழுக்கலும் அங்கேதான். மேகம் விளிம்பை மூடியிருந்தால் ஏறுவதில் பயனில்லை, கீழேயே நடந்துவிட்டு வாருங்கள்.

கார் ஓட்டத் தெரியாது. பஸ், ரயிலில் கிராமப்புறம் பார்க்க முடியுமா?

முடியும். விலை குறைந்த, மனநிறைவான வழி டார்ட் என்ற கடலோர ரயில். டப்ளினிலிருந்து தெற்கே க்ரேஸ்டோன்ஸ் போகும் வண்டியில் இடப்பக்க ஜன்னலில் உட்காருங்கள். கில்லைனி விரிகுடாவும், ப்ரே என்ற ஊருக்குத் தெற்கே மலையைக் குடைந்து கடலை ஒட்டிப் போட்ட தண்டவாளமும் அந்தப் பக்கம்தான். ப்ரே – க்ரேஸ்டோன்ஸ் இடையிலான பழைய கடலோர நடைபாதை மண்சரிவு காரணமாக 2021இல் மூடப்பட்டது. பழைய பயணக் கட்டுரைகளை நம்பி அதற்காக மட்டும் போகாதீர்கள், நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ப்ரே ஹெட் குன்றின் மேல் ஏறினால் அதே கடல் இன்னும் விரிவாகத் தெரியும்.

அதே டார்ட்டில் வடக்கே போனால் ஹௌத் என்ற துறைமுக ஊர். டப்ளின் மையத்திலிருந்து அரை மணி நேரம். நிலையத்திலிருந்து துறைமுகம், அதன் கிழக்கு முனையிலிருந்து குன்றின் பாதை. பச்சை அம்புக்குறிப் பாதை சுமார் 6 கி.மீ., இரண்டு மணி நேரம். வெளியூரிலிருந்து வந்த பெற்றோரை முதல் நாளே அழைத்துப்போக இதைவிட எளிய இடம் இல்லை.

கிளெண்டலாக்குக்கு டப்ளின் செயின்ட் ஸ்டீபன்ஸ் கிரீனிலிருந்து செயின்ட் கெவின்ஸ் பஸ் போகிறது. நாளுக்கு மிகச் சில நடைகள் மட்டுமே. திரும்பும் பஸ்ஸின் நேரத்தைப் போகும்போதே படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தவறவிட்டால் பள்ளத்தாக்கில் டாக்ஸி கிடைப்பது பெரும்பாடு.

கார்க் நகரத்தில் இருப்பவர்களுக்கு கோவ். ரயிலில் 25 நிமிடம், வழியெல்லாம் கழிமுகமும் பறவைகளும். டைட்டானிக் கப்பல் 1912 ஏப்ரல் 11 அன்று கடைசியாக நின்ற துறைமுகம் இது.

நியூகிரேஞ்சுக்கு நேராகப் போய் டிக்கெட் வாங்கலாமா?

கோடையில் அப்படிப் போனால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். நியூகிரேஞ்ச் என்பது ஐயாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழைய கல்லறை மேடு. அதற்குத் தனியாகப் போக அனுமதியில்லை. போய்ன் ஆற்றின் தென்கரையிலுள்ள ப்ரூ ந போன்யா மையத்தில் இறங்கி, நடைபாலம் தாண்டி, அங்கிருந்து அவர்களுடைய சிறிய பஸ்ஸில்தான் போக வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்ற வரம்பு உண்டு. இணையத்தில் முன்பதிவு திறக்கும் அன்றே எடுத்துவிடுவது நல்லது. எடுக்கும்போது கல்லறையின் உள்ளே போவதும் சேர்ந்த டிக்கெட்டா, வெளியே மட்டுமா என்று படித்துப் பாருங்கள்.

மேப்பில் நியூகிரேஞ்ச் என்று போட்டால் அது உங்களை வடகரையில் மூடிய கேட்டின் முன் கொண்டுபோய் நிறுத்தும். அங்கிருந்து சுற்றி வருவதற்குள் உங்கள் முறை போய்விடும். மையத்தின் பெயரைப் போடுங்கள், அரை மணி முன்னதாகப் போங்கள்.

இத்தனை சிரமத்துக்கும் தகுந்த இடம். கி.மு. 3200 வாக்கில் கட்டியது, எகிப்தின் பெரிய பிரமிடுக்கும் மூத்தது. மேடு 85 மீட்டர் அகலம், உள்ளே 19 மீட்டர் நீளக் கற்பாதை. டிசம்பரில் ஆண்டின் மிகக் குறுகிய நாட்களில், சூரியன் எழும்போது வாசலுக்கு மேலுள்ள சிறு திறப்பின் வழியே ஒளிக்கதிர் உள்ளறை வரை நுழைந்து 17 நிமிடம் தங்குகிறது. அந்த நாட்களில் உள்ளே போக குலுக்கல் முறையில் ஆள் எடுக்கிறார்கள். மற்ற நாட்களில் விளக்கை அணைத்து, மின்விளக்கால் அதே கதிரைக் காட்டுவார்கள். பாதை குறுகலானது, ஓரிடத்தில் உடலைச் சாய்த்துக் குனிந்து போக வேண்டும். அடைபட்ட இடம் என்றால் மூச்சு முட்டுகிறவர்கள் வழிகாட்டியிடம் முன்பே சொல்லிக் கடைசியில் போகலாம், முதலில் வெளியே வரலாம். உள்ளே படம் எடுக்கக் கூடாது, முதுகுப்பை கூடாது.

டிக்கெட் கிடைக்கவில்லையா? அதே வட்டாரத்தில் மோனாஸ்டர்பாய்ஸ் இருக்கிறது. ஐந்து மீட்டருக்கு மேல் உயர்ந்த, விவிலியக் காட்சிகள் செதுக்கிய முரெடாக் சிலுவை அங்கே ஒரு சாதாரணக் கல்லறைத் தோட்டத்தில் நிற்கிறது. தாரா மலையும் அருகில்தான்.

மோஹர் பாறைகளை டப்ளினிலிருந்து ஒரே நாளில் பார்த்துத் திரும்ப முடியுமா?

முடியும், தினமும் பஸ் பஸ்ஸாகப் போகிறார்கள். ஆனால் இந்தக் கடலோரச் செங்குத்துப் பாறைகள் இருப்பது மேற்குக் கரையில்; ஒரு வழிக்கு 265 கி.மீ., மூன்று மணி நேரத்துக்கு மேல். அதிகாலை ஏழு மணிக்குக் கிளம்பும் சுற்றுலாப் பஸ் திரும்பும்போது இரவு ஏழெட்டு மணி. பன்னிரண்டு மணி நேரத்தில் பாறை விளிம்பில் நிற்பது ஒன்றரை, இரண்டு மணி நேரம். அந்த நேரத்தில் அட்லாண்டிக்கிலிருந்து மேகம் ஏறி மூடிவிட்டால் 214 மீட்டர் உயரப் பாறையும் வெள்ளைத் திரைதான். காத்திருக்க உங்களுக்கு நேரம் இருக்காது.

வேறு நாளே இல்லையென்றால் பஸ் சுற்றுலாவை எடுங்கள். காரை நீங்களே ஓட்டி இதைச் செய்ய வேண்டாம். திரும்பும்போது வரும் தூக்கம் ஆபத்தானது. இரண்டு நாள் ஒதுக்க முடிந்தால் டப்ளினிலிருந்து கால்வேக்கு ரயிலில் போய் (இரண்டரை மணி நேரம்) அங்கே தங்குங்கள். கால்வேயிலிருந்து பாறைகள் 75 கி.மீ.தான், பொதுப் பஸ்ஸும் உண்டு. வழியில் பரன் என்ற சுண்ணாம்புப் பாறை வெளி வரும். கண்ணுக்கெட்டிய தூரம் சாம்பல் நிறப் பாறைத் தளம், வெடிப்புகளுக்குள் மே மாதத்தில் நீலப் பூக்கள். ஆல்ப்ஸ் மலைச் செடியும் மத்தியதரைக்கடல் செடியும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் வளர்கின்றன. பூல்னப்ரோன் என்ற கற்பதுக்கை 5,000 ஆண்டுகளுக்கும் மேல் பழையது. நம் ஊர்ப் பக்கத்துக் கல்திட்டைகளைப் பார்த்தவர்களுக்கு அந்த உருவம் உடனே பிடிபடும்.

பாறை விளிம்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை. புல் தரை கெட்டியாகத் தெரியும். பல இடங்களில் அதன் அடியில் பாறை அரித்துப் போய், மண்ணும் வேரும் மட்டும் அந்தரத்தில் நிற்கின்றன. டூலினிலிருந்து வரும் கடலோரப் பாதையில் சாவுகள் நேர்ந்த பிறகு 2024இல் பகுதிகளை மூடினார்கள். கற்பலகைத் தடுப்பைத் தாண்டிப் படம் எடுக்க யார் அழைத்தாலும் போகாதீர்கள். பாறையின் முழு உயரம் தெரிய வேண்டுமானால் டூலின் துறையிலிருந்து போகும் படகில் கீழிருந்து பாருங்கள். மே, ஜூனில் பஃபின் பறவைகளும் தென்படும்.

கால்வேயில் தங்கினால் கானமாராவை எப்படிச் சுற்றுவது?

கானமாரா என்பது கால்வேக்கு மேற்கே மலையும் ஏரியும் நிறைந்த வட்டாரம். என் 59இல் ஓட்டரார்ட், மாம் கிராஸ், ரீசெஸ். அங்கே வலப்பக்கம் ஆர் 344 என்ற இனா பள்ளத்தாக்குச் சாலை. இதைத்தான் பலர் தவறவிட்டு நேராக க்ளிஃப்டன் போய்விடுகிறார்கள். ஒருபுறம் ட்வெல்வ் பென்ஸ், மறுபுறம் மாம்டர்க் மலைகள், நடுவில் ஏரி. முடிவில் கைல்மோர் மடம். பிறகு லீனான், 16 கி.மீ. நீளமுள்ள கில்லரி கடற்கால், அங்கிருந்து ஆர் 336இல் மாம் வழியாகத் திரும்பலாம். மொத்தம் சுமார் 170 கி.மீ., நின்று பார்த்து வர எட்டு மணி நேரம். நடக்க விரும்பினால் லெட்டர்ஃப்ராக்கில் டைமண்ட் ஹில்: 440 மீட்டர் சொச்சம் உயரம், மேல்வளையம் 7 கி.மீ., கல் பாவிய பாதை. மலை ஏறுவதானால் கைல்மோரின் உள்ளே போவதை விட்டுவிடுங்கள். ஏரிக்கு அக்கரையிலிருந்தே மடத்தின் அழகான தோற்றம் கிடைக்கும்.

பெட்ரோலை ஓட்டரார்டில் நிரப்பிக்கொள்ளுங்கள். வேலியில்லாத சாலைகளில் ஆடுகள் படுத்துக்கிடக்கும். ஒன்று கடந்துவிட்டால் பின்னால் குட்டியும் வரும் என்று நினைத்து நில்லுங்கள்.

கெர்ரி வளையச் சாலையை எந்தத் திசையில் சுற்ற வேண்டும்?

இது தென்மேற்கிலுள்ள கெர்ரி மாவட்டத்தில் ஒரு தீபகற்பத்தைச் சுற்றும் 179 கி.மீ. சாலை, கில்லார்னி ஊரில் தங்கினால் மட்டுமே ஒருநாள் பயணம். சுற்றுலாப் பஸ்கள் எல்லாம் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் கில்லார்க்லின் வழியாகப் போகின்றன. நீங்களும் அதே திசையில், ஆனால் அவற்றுக்கு முன்பு, எட்டரை மணிக்குள் கிளம்புங்கள். எதிர்த்திசையில் போனால் கடல் பக்கத் தடம் கிடைக்கும் என்று சிலர் சொல்வார்கள். குறுகிய வளைவுகளில் வரிசையாக வரும் பஸ்களுக்கு ஒதுங்கிக்கொண்டே போக வேண்டும் என்பதைச் சொல்ல மாட்டார்கள். முனையில் ஸ்கெல்லிக் ரிங் என்ற கிளைச் சாலையில் பெரிய பஸ்கள் வருவதில்லை, தவறவிடாதீர்கள்.

ஆனால் எங்கள் பரிந்துரை டிங்கிள் தீபகற்பத்தின் ஸ்லே ஹெட் சாலை. 47 கி.மீ.தான், இறங்கி நிற்க நேரம் மிஞ்சும். அதைக் கடிகாரத் திசையில் சுற்ற வேண்டும். மறுதிசையில் கோடையில் போனால் ஒற்றைத் தடத்தில் அனைவரையும் பின்னுக்கு அனுப்ப வேண்டிவரும். கூமினூல் கடற்கரை, டன்குவின் படகுத்துறை, சுண்ணாம்புச் சாந்தே இல்லாமல் கல்மேல் கல் அடுக்கிக் கட்டிய கல்லரஸ் சிறுகோயில் மூன்றும் வழியில் இருக்கின்றன.

கார் ஓட்ட விருப்பமில்லாத நாளில் கில்லார்னியின் ராஸ் கோட்டையிலிருந்து படகில் மூன்று ஏரிகளைக் கடந்து, டன்லோ கணவாய் வழியாக 11 கி.மீ. நடந்து கேட் கெர்னி குடில் வரை வரலாம். அங்கிருந்து ஊர் திரும்ப வண்டியை முன்பே சொல்லி வையுங்கள். கணவாய்க்குள் காரைக் கொண்டுபோகாதீர்கள்; குதிரை வண்டிகளும் நடப்பவர்களும் நிறைந்த ஒற்றைத் தடம் அது.

ஜயண்ட்ஸ் காஸ்வேக்கு அயர்லாந்து விசா போதுமா?

போதாது. எரிமலைப் பாறைத் தூண்கள் நிறைந்த அந்தக் கடற்கரை வட அயர்லாந்தில், அதாவது பிரிட்டனின் ஆட்சிப்பகுதியில் இருக்கிறது. சாலையில் எல்லைச்சாவடி இல்லை; பலகைகள் மைலுக்கு மாறுவதுதான் அடையாளம். சாவடி இல்லை என்பதால் விசா தேவையில்லை என்று ஆகிவிடாது. பஸ்ஸை நிறுத்திச் சோதிப்பதும் உண்டு. இந்தியப் பாஸ்போர்ட், இலங்கைப் பாஸ்போர்ட் இரண்டுக்குமே பிரிட்டன் விசா வேண்டும். திரும்பி வர அயர்லாந்து விசாவும் பலமுறை நுழையும் வகையாக இருக்க வேண்டும். இந்தியக் குடிமக்களுக்கு ஒரு வழி உண்டு. பிரிட்டிஷ் – ஐரிஷ் கூட்டுத் திட்டத்தின் கீழ் வழங்கிய குறுகிய கால விசாவில் அந்தக் குறிப்பு அச்சாகியிருந்தால், ஒரே விசாவில் இரு பக்கமும் போகலாம். கிடைத்த விசாவை எடுத்து அந்தக் குறிப்பைப் பார்த்துவிட்டுச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டுங்கள்.

விசா சரியாக இருந்தால் அருமையான நாள். சுமார் 40,000 எரிமலைப் பாறைத் தூண்கள். கற்களைப் பார்க்க நுழைவுக் கட்டணம் கிடையாது. மையத்துக்கும் வண்டி நிறுத்தவும்தான் பணம். செலவுக்கு பவுண்டு.

வாடகைக் கார் எடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

இடதுபக்கம் ஓட்டும் நாடு. இந்தியா, இலங்கையிலிருந்து வருபவர்களுக்கு இது பெரிய நிம்மதி. ரவுண்டானாவில் வலமிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும் என்பதை மட்டும் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள். ஊர் உரிமம் செல்லும் என்றாலும் வாடகை நிறுவனங்கள் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிச் சீட்டும் கேட்பது வழக்கம், கிளம்பும் முன்பே எடுத்துவிடுங்கள். ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் பதிவிலேயே குறிப்பிட வேண்டும். இல்லையென்றால் கியர் வண்டிதான் வரும்.

இருப்பதில் சிறிய காரை எடுங்கள். கிராமச் சாலையில் உங்களைக் காப்பது அதன் அகலக் குறைவுதான். வண்டி சேதத்தில் முதலிடம் இடப்பக்க டயருக்கு. எதிர்வண்டிக்கு ஒதுங்கும்போது புதருக்குள் மறைந்திருக்கும் கல்லில் டயரின் பக்கச்சுவர் கிழியும். அடிப்படைக் காப்பீட்டில் டயரும் கண்ணாடியும் பெரும்பாலும் சேராது, கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்டெப்னி இருக்கிறதா என்று டிக்கியைத் திறந்து பாருங்கள். பெட்ரோல் குழாயின் கைப்பிடி பச்சை, டீசலுக்குக் கறுப்பு. 150 செ.மீ. உயரத்துக்கும் 36 கிலோ எடைக்கும் குறைந்த குழந்தைக்குத் தனி இருக்கை சட்டப்படி கட்டாயம். மடியில் வைத்துக்கொள்ள முடியாது.

டப்ளினைச் சுற்றும் எம் 50 சாலையில் சுங்கச்சாவடியே இருக்காது, கேமராதான். மறுநாள் இரவு 8 மணிக்குள் இணையத்திலோ கடையிலோ கட்ட வேண்டும். வாடகை நிறுவனமே கட்டிவிடுமா என்று சாவி வாங்கும்போது கேளுங்கள்.

விக்லோ மலையின் ஒதுக்குப்புற நிறுத்துமிடங்களில் கண்ணாடி உடைத்துத் திருடுவது நடக்கிறது. இருக்கையில் சார்ஜர் ஒயர்கூடத் தெரியக் கூடாது. பையை டிக்கிக்கு மாற்றுவதை அங்கே போய்ச் செய்யாமல் கிளம்பும் இடத்திலேயே செய்யுங்கள்.

ஒற்றைத் தடச் சாலையில் எதிரே வண்டி வந்தால்?

ஒதுங்க இடம் யாருக்கு அருகில் இருக்கிறதோ அவர் ஒதுங்க வேண்டும். அகலமான இடம் உங்கள் வலப்பக்கம் இருந்தால் அங்கே குறுக்கே போகாதீர்கள். உங்கள் இடப்பக்கத்திலேயே நில்லுங்கள், எதிர்வண்டி அந்த இடத்துக்குள் புகுந்து போகும். வழிவிட்டவருக்கு ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவது இங்கே மரியாதை. ஒதுங்குமிடத்தில் நிறுத்திப் படம் எடுக்கக் கூடாது. வயல் கேட்டின் முன்பும் நிறுத்தக் கூடாது. விவசாயிக்கு எந்த நேரமும் வண்டி போக வேண்டியிருக்கும்.

மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை, பறவைகள் கூடுகட்டும் காலம் என்பதால், வேலிப்புதர்களை வெட்டச் சட்டத்தில் தடை உண்டு. சாலைப் பாதுகாப்பு போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு. அதனால் ஜூலையில் அதே சாலை ஏப்ரலைவிட ஒரு முழம் குறுகலாகவும், வளைவுகள் கண்ணுக்கு மறைந்தும் இருக்கும். அந்தப் புதர்தான் அந்த நாட்டின் பறவைகளுக்கு வீடு. மெதுவாகப் போவது நம் கடமை.

எந்த மாதம் நல்லது?

மே. பகல் நீளம், மழை ஒப்பீட்டளவில் குறைவு, வேலியெல்லாம் ஹாத்தார்ன் வெள்ளையாகவும் குன்றெல்லாம் கோர்ஸ் முட்புதர் மஞ்சளாகவும் பூத்துக் கிடக்கும். கோர்ஸ் பூ வெயிலில் தேங்காய் மணம் வீசும், முகர்ந்து பாருங்கள். ஆகஸ்டில் விக்லோ மலைகள் ஹெதர் பூத்து ஊதாவாகும். கெர்ரியில் வேலியோர ஃப்யூஷியா சிவக்கும். ஜூன் கடைசியில் இரவு பத்து மணி வரை வெளிச்சம். டிசம்பரில் காலை எட்டரைக்கு மேல் விடிந்து மாலை நான்கு மணி சுமாருக்கு இருட்டிவிடும்; அப்போது ஓரிடத்துக்கு மேல் திட்டமிடாதீர்கள்.

மழைக்கு என்ன எடுத்துப்போவது?

குடையை அறையில் விட்டுவிடுங்கள். மேற்குக் கரைக் காற்றில் முதல் ஐந்து நிமிடத்தில் மடங்கிவிடும். தலைமூடியுள்ள நீர்புகாத ஜாக்கெட், கூடவே நீர்புகாத கால்சட்டை. ஜீன்ஸ் நனைந்தால் நாள் முழுதும் காயாது. மாற்றுச் சாக்ஸ் இரண்டு ஜோடி. கிழக்குக் கரையில் ஆண்டுக்குச் சுமார் 150 நாட்களும் மேற்கில் சில பகுதிகளில் 225 நாட்களும் மழை நாட்கள். ஆனால் விடாத மழை குறைவு, வந்து வந்து போகும். மழை விட்ட பத்து நிமிடம்தான் அந்த மலைகள் மிக அழகாக இருக்கும் நேரம். மெட் ஏரன் என்ற வானிலைத் துறை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை தரும். ஆரஞ்சு என்றால் கடலோரமும் மலையும் வேண்டாம்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

நகரத்தில் கவலையில்லை. கிராமத்தில் பப் ஒன்றுதான் இருக்கும், மதியச் சாப்பாடு பெரும்பாலும் மூன்று மணியோடு முடியும். காய்கறி சூப்பும் பிரௌன் பிரெட்டும் எங்கும் கிடைக்கும். ஆனால் காய்கறி சூப் என்று பலகையில் எழுதியிருந்தாலும் கோழி எலும்புச் சாற்றில் செய்திருக்கலாம், கேளுங்கள். சிப்ஸ் கடைகளில் சிலர் மாட்டுக் கொழுப்பில் பொரிக்கிறார்கள், அதையும் கேளுங்கள். முகம் சுளிக்காமல் பதில் சொல்வார்கள். கானமாரா, மிலிட்டரி ரோடு போகும் நாளில் கையில் சோறு கட்டிக்கொண்டு போவதே நல்லது. புளியோதரை இந்தக் குளிரில் மாலை வரை கெடாது.

கண்ணில் படும் வயலிலும் மலையிலும் நடக்கலாமா?

கூடாது. ஸ்காட்லாந்தில் உள்ளதுபோல எங்கும் நடக்கும் உரிமை இங்கே இல்லை. மலைமேடுகள்கூடப் பெரும்பாலும் யாரோ ஒருவரின் நிலம். குறியிட்ட பாதைகள் பல, நிலச் சொந்தக்காரர்களின் இசைவால் மட்டுமே திறந்திருக்கின்றன. நாயோடு ஆட்டு மந்தைக்குள் போனதாலும் கேட்டைத் திறந்து போட்டதாலும் மூடப்பட்ட பாதைகள் உண்டு. கேட் எப்படி இருந்ததோ அப்படியே விட்டுவிட்டு வாருங்கள். பெரணிப் புதரில் நடந்தால் மாலையில் முழங்கால் மடிப்பிலும் இடுப்பிலும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், குழந்தைகளுக்குக் காதின் பின்புறமும்.

பலகையில் புரியாத மொழியில் மட்டும் ஊர்ப்பெயர் இருக்கிறதே?

கேல்டாக்ட் எனப்படும் ஐரிஷ் பேசும் பகுதிக்குள் வந்துவிட்டீர்கள். கானமாராவின் தென்பகுதி, ஸ்லே ஹெட் போன்ற இடங்களில் ஊர்ப்பலகை ஐரிஷில் மட்டும் இருக்கும். ஆங்கிலப் பெயரை மட்டும் மனதில் வைத்திருந்தால் திருப்பத்தைத் தவறவிடுவீர்கள்; இரண்டு பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். டிங்கிளுக்கு அன் டங்கன், மாம் கிராஸுக்கு அன் டாக் டோச்ச. தலைகீழ் முக்கோணத்தில் கேல் ஷ்லீ என்றிருந்தால் வழிவிடுக என்று பொருள். நம் ஊர்ப்பெயர்களில் பட்டி, குளம், குன்றம் வருவதுபோல இங்கே பாலி என்றால் ஊர், கில் என்றால் பெரும்பாலும் கோயில், டன் என்றால் கோட்டை. இவை தெரிந்தால் மேப்பே கதை சொல்லும்.

மலையிலோ கடலோரத்திலோ ஆபத்து என்றால்?

112 அல்லது 999. மலையில் காவல்துறையைக் கேட்டு மலைமீட்புக் குழு வேண்டும் என்று சொல்லுங்கள். கடலோரத்தில் கோஸ்ட் கார்டு என்று கேளுங்கள். உங்கள் சிம்முக்கு சிக்னல் இல்லாவிட்டாலும் வேறு நிறுவனத்தின் சிக்னல் இருந்தால் 112 போகும். முதலில் இருக்குமிடத்தைச் சொல்லுங்கள், பிறகு நடந்ததை. இடையில் அழைப்பு அறுந்தாலும் தேடி வர முடியும். அதற்கு, நடக்கத் தொடங்கும் இடத்திலேயே பாதையின் பெயரையும் அம்புக்குறியின் நிறத்தையும் படம் எடுத்து, அறையில் இருப்பவருக்கு அனுப்பிவிடுங்கள். கிளெண்டலாக் பள்ளத்தாக்கின் உள்ளே போன பிறகு அனுப்ப நினைத்தால் அந்தப் படம் போய்ச் சேராமல் போகலாம்.